இழுவை வண்டியின் டயருக்கு எவ்வளவு காற்று?

வாசகர் கேள்வி – பதில்

காரின் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் சிறிய பயண டிரெய்லர்கள் குமரி மாவட்டத்துச் சாலைகளிலும் தென்படத் தொடங்கியிருக்கின்றன. அவற்றின் டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்பதைப் பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்தப் பக்கம் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இருவர் படுத்துறங்கவும், பின்கதவைத் தூக்கினால் சமைக்கவும் வசதியுள்ள ஒரு சிறிய டிரெய்லரைச் செய்து வாங்கியிருக்கிறோம். ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். டயரின் பக்கத்தில் 155/80 ஆர் 13, 79 டி என்றும், அதிகபட்சக் காற்று 44 பி.எஸ்.ஐ. என்றும் எழுதியிருக்கிறது. வண்டி செய்து கொடுத்தவர் 44 வைக்கச் சொல்கிறார். பஞ்சர் கடைக்காரரோ, இவ்வளவு சிறிய வண்டிக்கு 28 போதும் என்கிறார். காரின் கதவோரத்தில் 33 என்று ஒட்டியிருப்பதால் அதையே இதற்கும் வைத்துவிடலாம் என்பது என் கணவரின் கருத்து. மூவரில் யார் சொல்வது சரி?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அம்மா, மூவருமே உங்கள் டிரெய்லரின் எடையைக் கேட்காமல் எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள். டயருக்குள் இருக்கும் காற்றுதான் வண்டியைத் தாங்குகிறது. ரப்பரும் நூலிழையும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை மட்டுமே. ஆகையால் எத்தனை கிலோவைத் தாங்க வேண்டும் என்று தெரியாமல் எத்தனை பி.எஸ்.ஐ. என்று சொல்ல யாராலும் முடியாது. கதவோரத்து 33 என்பது உங்கள் காரின் எடைக்கும், அதன் நான்கு சக்கரங்களுக்கும், அதன் ஸ்பிரிங்குக்கும் பார்த்து அந்தக் கார்த் தொழிற்சாலை முடிவு செய்த எண். அதற்கும் உங்கள் டிரெய்லருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

டயரில் எழுதியிருப்பதை முதலில் படித்துப் பார்ப்போம். 155/80 ஆர் 13 என்பது டயரின் அளவு. 79 என்பது சுமைக் குறியீடு. அந்தக் குறியீட்டுக்கு உரிய சுமை ஒரு டயருக்கு 437 கிலோ. அதையடுத்த எழுத்து வேகக் குறியீடு. டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொருள், அந்த வேகத்தை உங்கள் டிரெய்லர் என்றைக்கும் காணப் போவதில்லை. 44 என்பதுதான் பலரைக் குழப்புகிறது. சாதாரணக் கார் டயர் தன் முழுச் சுமையான 437 கிலோவை 35 அல்லது 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலேயே தாங்கிவிடும். 44 என்பது, குளிர்ந்த நிலையில் அந்த டயருக்குள் வைக்கத்தக்க காற்றின் மேல் எல்லை. அவ்வளவு காற்று வைத்தாலும் டயர் 437 கிலோவுக்கு மேல் ஒரு கிலோகூடக் கூடுதலாகச் சுமக்காது. எனவே வண்டி செய்தவர் சொன்ன 44 ஆபத்தான எண் அன்று என்றாலும், தேவையில்லாத எண். குறைந்த எடையுள்ள வண்டியில் அவ்வளவு காற்று இருந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டு அங்கே மட்டும் தேயும். ஒவ்வொரு குழியிலும் வண்டி துள்ளும். உள்ளே அடுக்கிய பாத்திரமும், அலமாரியின் திருகாணியும் அந்தத் துள்ளலை வாங்கிக்கொள்ளும். சிறிய டிரெய்லர்களில் பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் இருக்காது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

இனி எடைக்கு வருவோம். பயணத்துக்குப் புறப்படுவது போலவே டிரெய்லரில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்புங்கள், கேஸ் சிலிண்டரை வையுங்கள், மெத்தை, பாத்திரம், அரிசிப் பை, மடக்கு நாற்காலி எதையும் விட்டுவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் கல்லும் மணலும் மரமும் ஏற்றும் லாரிகளுக்காக எடை மேடைகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக் கூட்டமில்லாத வேளையில் செல்லுங்கள். காரைக் கழற்றாமலேயே முன்னால் நகர்த்தி, டிரெய்லரின் இரு சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி வைத்து ஒரு முறை எடை பாருங்கள். அச்சின் மேல் உண்மையில் இருக்கும் எடை அதுதான். அடுத்ததாக ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேடையிலும், மறு பக்கச் சக்கரம் மேடையின் ஓரத்துச் சமதரையிலும் நிற்கும்படி வைத்து இன்னொரு முறை பாருங்கள். இந்த இரண்டாவது எடையைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. சமையல் மேடை, சிலிண்டர், தண்ணீர் மூன்றும் ஒரே பக்கத்தில் அமைந்துவிட்டால் இரு சக்கரங்களுக்கும் இடையே 50 கிலோ வேறுபாடு எளிதில் வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. அச்சின் மேல் 620 கிலோ இருக்கிறது என்றும், அதில் இடப்பக்கச் சக்கரத்துக்கு 335, வலப்பக்கத்துக்கு 285 என்றும் வைத்துக்கொள்வோம். கனமான பக்கத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். திருப்பத்தில் சாயும்போதும், குழியில் இறங்கி ஏறும்போதும் அந்தச் சக்கரத்தின் மேல் சுமை ஒரு கணம் கூடும் என்பதால், 335-உடன் 15 விழுக்காட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 385 கிலோ ஆகிறது. டயர் 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 437 கிலோ தாங்கும் என்றால், 385 கிலோவுக்கு 36-ஐ 385-ஆல் பெருக்கி 437-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 32 வருகிறது. டயர் நிறுவனங்களின் சுமை அட்டவணையைப் பார்த்தால் இதைவிடச் சற்றுக் குறைந்த எண்ணே கிடைக்கும். அதாவது இந்த எளிய கணக்கு தவறினாலும் பாதுகாப்பான பக்கமாகவே தவறும். காற்றுமானி ஓரிரு பி.எஸ்.ஐ. முன்பின் காட்டும் என்பதால் நான் இதை 34 ஆக்கி வைப்பேன். இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு. இலேசான பக்கத்துக்குக் குறைத்து வைத்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சாமான்களை மாற்றி அடுக்கி எடையைச் சமப்படுத்துவதே அதற்கு உரிய வழி.

உங்கள் எடை வேறாக இருந்தால் விடையும் வேறாகும். சுமை 437 கிலோவை நெருங்குகிறது என்றால், காற்றைக் கூட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள். சுமைக் குறியீடு கூடிய டயருக்கு மாறுங்கள். எடை பார்க்காமல் சொன்ன 28 என்பதை மட்டும் ஏற்க வேண்டாம். கூடுதல் காற்று வசதியைக் கெடுக்கும். குறைந்த காற்று டயரையே கொல்லும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இந்தச் சிறிய சக்கரம் நிமிடத்துக்கு 550 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அத்தனை முறை மடங்கும் ரப்பர் சூடேறி, சூட்டில் அதன் உள்ளடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்குகின்றன. காரில் அப்படி நடந்தால் ஸ்டீயரிங் அதிர்ந்து உங்களுக்குச் சொல்லிவிடும். டிரெய்லரில் நடப்பதோ ஓட்டுநர் இருக்கை வரை எட்டாது. டயர் கிழிந்து மட்கார்டில் அடிக்கும் ஓசையே பெரும்பாலும் முதல் அறிவிப்பாக இருக்கும்.

இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கடையில் காற்று வைத்துக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு டிரெய்லரை இழுத்துச் சென்றேன். கடைக்காரரின் மானியில் 34 காட்டியது. பாதி வழியில் தேநீருக்காக நிறுத்தியபோது வழக்கப்படி டயரின் தோளில், அதாவது தரையைத் தொடும் பட்டையும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில், கை வைத்தேன். வைத்த கையை உடனே எடுக்க வேண்டியிருந்தது. மற்றச் சக்கரமும் அப்படியே. ஆறும் வரை காத்திருந்து என் சொந்த மானியை வைத்துப் பார்த்தால் இரண்டிலும் 27. மெதுவாக ஓட்டி ஊர் சேர்ந்து டயரைக் கழற்றியபோது, ரிம்மின் உள்வளைவில் காப்பித்தூள் போல் கருப்புத் தூள் படிந்திருந்தது. பக்கச்சுவரின் உட்புற ரப்பர் மடங்கி மடங்கி அரைபட்டு உதிர்ந்த தூள் அது. வெளியே பார்க்க இரண்டு டயரும் புதிது போலவே இருந்தன. இரண்டையும் ஒதுக்கிவிட்டேன். அன்றிலிருந்து சொந்த மானி இல்லாமல் நான் டிரெய்லரைக் கோப்பதில்லை. நீங்களும் முதலில் ஒரு நல்ல மானியை வாங்குங்கள், அது பெரிய செலவு அன்று.

மானி இருந்தால் போதாது, எப்போது அளப்பது என்பதும் தெரிய வேண்டும். நான் சொன்ன எண்கள் யாவும் குளிர்ந்த நிலைக்கு உரியவை. அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், வெயில் டயரில் பட்டிருக்கக் கூடாது. கிழக்கு நோக்கிய முற்றத்தில் காலை எட்டு மணிக்கு அளந்தால் வெயில் பட்ட பக்கத்து டயர் ஒன்றிரண்டு கூட்டிக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் தவறாகிவிடும். விடிந்தும் விடியாத நேரமே நல்லது. காற்று வைக்கும் இடம் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், வீட்டிலேயே அளந்து குறையை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் 30 இருந்தது, வேண்டியது 34 என்றால் குறை 4. பெட்ரோல் பங்க் சேர்ந்ததும் டயர் சூடேறி 33 காட்டினால், அங்கே 37 வரும் வரை நிரப்புங்கள். மறுநாள் காலையில் அது 34-இல் வந்து நிற்கும்.

புறப்பட்டு 40 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மீண்டும் அளந்து பாருங்கள். 34 என்பது 38, 39 ஆகியிருந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. 41-ஐத் தாண்டியிருந்தால் சுமை அதிகம், அல்லது தொடக்கக் காற்று குறைவு என்று பொருள். ஒரு சக்கரம் மட்டும் கூடியிருந்தால் அந்தப் பக்கத்து பேரிங்கையோ பிரேக்கையோ சந்தேகப்படுங்கள். சூட்டில் ஏறிய காற்றைத் தயவுசெய்து இறக்கிவிடாதீர்கள். ஆறிய பின் அந்த டயர் குறைந்த காற்றோடு நிற்கும்.

கடைசியாக, காரையும் மறந்துவிடக் கூடாது. டிரெய்லரின் மூக்கு காரின் கொக்கியில் அழுத்தும் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி பின்அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது, முன் பின் அச்சுகளுக்கு இடையே இரண்டரை மீட்டர் என்றால், நெம்புகோல் கணக்குப்படி பின்அச்சில் 84 கிலோ ஏறுகிறது. முன்அச்சில் 24 கிலோ குறைகிறது. எனவே காரின் பின்டயர்களுக்கு, கதவோரத்து அட்டையில் முழுச் சுமைக்கு என்று கொடுத்திருக்கும் கூடிய எண்ணை வையுங்கள். உங்கள் கணவர் பார்த்த அட்டை பயன்பட வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: எங்கள் டிரெய்லரில் சிறு சரக்கு வண்டிக்குப் போடும் எல்.டி. டயர், 8 பி.ஆர். போட்டிருக்கிறோம். 500 கிலோ, 65 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருப்பதால் 65 வைக்கிறோம். உள்ளே திருகாணிகள் கழன்று விழுகின்றன. குறைக்கலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: குறைக்கலாம், ஆனால் மார்த்தாண்டம் வாசகிக்குச் சொன்ன 34-ஐ உங்கள் டயருக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். கார் டயர் 36-இல் முழுச் சுமையைத் தாங்கும் என்றேன். சரக்கு வண்டி டயர் அப்படி அன்று. எழுதியிருக்கும் 500 கிலோவை அது 65 பி.எஸ்.ஐ. இருக்கும்போதுதான் தாங்கும், காற்றுக் குறையக் குறைய அதன் தாங்குதிறனும் இறங்கிக்கொண்டே வரும். 34-இல் அது உங்கள் கார் டயரைவிடப் பலவீனமான டயராகிவிடும். பி.ஆர். என்பது டயரின் உறுதியைக் குறிக்கும் எண். 8 என்றால் உள்ளே எட்டு அடுக்கு நூல் இருக்கிறது என்று இன்றைக்குப் பொருள் இல்லை, பழைய பருத்தி நூல் காலத்து எட்டடுக்கு டயருக்கு ஈடான உறுதி என்றே பொருள்.

உங்கள் கனமான சக்கரத்தில் 300 கிலோ இருக்கிறது என்றால், ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து 360 என்று கொள்ளுங்கள். 65-ஐ 360-ஆல் பெருக்கி 500-ஆல் வகுத்தால் 47 வருகிறது; 48 வையுங்கள். 65-க்கும் 48-க்கும் உள்ள வேறுபாட்டை வண்டியின் துள்ளலிலேயே உணர்வீர்கள். டயர் விற்றவரிடம் அந்த மாடலுக்கு உரிய சுமை – காற்று அட்டவணையைக் கேட்டு வாங்கி, என் கணக்கை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டவணை கூடுதல் எண்ணைச் சொன்னால் அட்டவணையையே பின்பற்றுங்கள். அதில் கொடுத்திருக்கும் மிகக் குறைந்த எண்ணுக்குக் கீழே, வண்டி எவ்வளவு இலேசாக இருந்தாலும் போகக் கூடாது.

எஸ்.டி. என்ற எழுத்துகளோடு வெளிநாட்டு டிரெய்லர்களில் வரும் தனி டயர் போட்டிருப்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அட்டவணை கையில் இல்லாத வரை, டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவையே குளிர்ந்த நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த டயர்கள் அதை ஒட்டியே வடிவமைக்கப்படுகின்றன.

கேள்வி: ஆடி மாதம் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வழியாகப் போகும்போது டிரெய்லர் பாம்பு போல் நெளிகிறது. டயரில் காற்றுக் குறைவாக இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தோவாளை

பதில்: ஒரு காரணம் அதுதான், ஆனால் அது மட்டும் அன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் முடிவில் அந்தக் கணவாய்க்குள் குவிந்து விரைவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தேசிய நெடுஞ்சாலை அவற்றின் நடுவே போகிறது. தட்டையான பக்கங்களை உடைய உயரமான டிரெய்லர், அந்தக் காற்றுக்கு ஒரு பாய்மரம் போன்றது.

காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் மேலும் கீழும் மடங்குவதோடு இடமும் வலமும் கூட நெளியும். மேல்காற்று ஒரு முறை தள்ளியதும் வண்டி உடனே நேராகாமல், சற்றுத் தாமதித்துத் திரும்பி, மறுபக்கம் கூடுதலாகப் போய்விடுகிறது. அந்தத் தாமதம்தான் நெளிவாக வளர்கிறது. எனவே கணக்கிட்ட அளவிலிருந்து இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டி வைப்பது ஆடிக்காற்றில் நன்மை தரும், டயரின் உச்ச அளவைத் தாண்டாத வரையில். காரின் பின்டயர்களும் இறுக்கமாக இருக்க வேண்டும். அவை நெளிந்தால் டிரெய்லர் காரையே ஆட்டும்.

ஆனால் கடிதத்தில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் இன்னொரு செய்திதான் என் கவனத்தை இழுத்தது. தண்ணீர் கேன்களையும் ஜெனரேட்டரையும் பின்பக்கம் கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அச்சுக்குப் பின்னால் கனம் சேர்ந்தால் மூக்கு இலேசாகும். மூக்கு இலேசான டிரெய்லர், டயரில் எவ்வளவு காற்று வைத்தாலும் நெளியத்தான் செய்யும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருப்பது நல்லது. ஆனால் உங்கள் காரின் கொக்கிக்கு அனுமதித்திருக்கும் அளவை அது மிஞ்சக் கூடாது. வீட்டில் ஆள் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொக்கியின் உயரத்தில் மூக்கை அதன் மேல் இறக்கினால் அந்த எடை தெரிந்துவிடும். லாரி எடை மேடை இவ்வளவு சிறிய எடையைத் துல்லியமாகக் காட்டாது. கேன்களை அச்சுக்குச் சற்று முன்னால் மாற்றிவிட்டு, அதன்பின் காற்றைச் சரிபாருங்கள்.

நெளியத் தொடங்கிவிட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டி நேராக்கிவிடலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கேள்வி: கோடை விடுமுறையில் ஊட்டிக்கு டிரெய்லரோடு போகிறோம். மலையேறினால் காற்று கூடும், அதனால் குறைத்துக்கொண்டு புறப்படுங்கள் என்கிறார் நண்பர். அப்படித்தானா?
– வாசகர், குலசேகரம்

பதில்: குறைக்க வேண்டாம். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் நம் கடற்கரையைவிட மூன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைவு. மானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் என்பதால், அந்த அளவு கூடித் தெரியும் என்று நண்பர் சொல்வது சரி. ஆனால் அவர் குளிரைக் கணக்கில் சேர்க்கவில்லை. இங்கே 30 டிகிரி வெப்பத்தில் 34 வைத்த டயர், அங்கே விடியற்காலை 10 டிகிரிக் குளிரில் மூன்றுக்குச் சற்று மேல் இழந்துவிடும். ஒன்றை மற்றொன்று ஈடு செய்துவிடுவதால், ஊட்டியில் காலை எழுந்து அளந்தால் மீண்டும் 34 அருகிலேயே காட்டும்.

உண்மையான கவலை இறக்கத்தில் இருக்கிறது. குன்னூர்ப் பாதையில் பிரேக்கை இடைவிடாமல் அழுத்தி இறங்கினால், பிரேக்கின் சூடு ரிம் வழியாக டயருக்குள் போய்க் காற்றைக் கூட்டும். அதை இறக்கிவிட நினைக்காமல், தாழ்ந்த கியரில் இறங்கி, இடையில் இரண்டு முறை நிறுத்தி ஆறவிடுங்கள்.

கேள்வி: எங்கள் டிரெய்லர் ஆண்டில் இரண்டு முறைதான் வெளியே போகும். மற்ற நாளெல்லாம் கடற்கரையை ஒட்டிய வீட்டு முற்றத்தில் நிற்கிறது. பட்டை தேயவே இல்லை. ஆனால் பக்கத்தில் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றன. காற்றைக் கூட்டி வைத்தால் சரியாகுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: சரியாகாது. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட, நின்று சாவதே அதிகம். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டிக் கிண்ணத்தில் சேரும் பாலை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அந்த ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது டயருக்கு உரிய உறுதியைப் பெறுகிறது, அதோடு கரித்தூள் சேர்ப்பதால்தான் வெயிலைத் தாங்குகிறது. வெடிப்பைத் தடுக்கும் மெழுகும் மருந்துப் பொருள்களும் அதில் கலந்திருக்கின்றன. டயர் சுழன்று நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காக்கின்றன. நிற்கும் டயரில் அந்தக் கசிவு நடப்பதில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் மேல்தோலை வெடிக்க வைக்கின்றன.

டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். அது ஒரு பக்கத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கலாம்; தெரியவில்லை என்றால் வண்டிக்கு அடியில் குனிந்து உட்புறம் பாருங்கள். ஐந்து ஆண்டு கடந்த டிரெய்லர் டயரை நான் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சந்தேகத்தோடு பார்ப்பேன். ஆறு ஆண்டு ஆனதும், பட்டை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவேன். வெடிப்பில் நகம் நுழைகிறது என்றால் ஆண்டுக் கணக்கே வேண்டாம், இப்போதே மாற்றுங்கள். பழைய கார் டயரைக் கழற்றி டிரெய்லருக்குப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது மிகவும் தவறு.

புதிய டயர் போட்ட பின், நிற்கும் மாதங்களில் பயணத்துக்கு உரிய காற்றையே வைத்திருங்கள். நல்ல டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இழக்கும் என்பதால், எட்டு மாதம் தொடாமல் விட்டால் 34 என்பது 22 ஆகிவிடக்கூடும். அந்த நிலையில் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பகுதி தட்டையாகி அப்படியே பழகிவிடும். அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சுமையைக் குறைத்து, டயரின் மேல் வெயில் படாதபடி சாக்கோ தார்ப்பாயோ போர்த்துங்கள். உப்புக் காற்று ரிம்மின் விளிம்பை அரித்தால், டயர் அமரும் இடத்தில் நுண்ணிய கசிவு ஏற்படும். வால்வு மூடி தொலைந்திருந்தால் மறக்காமல் வாங்கிப் போடுங்கள். மணலும் உப்பும் உள்ளே புகாமல் காப்பது அந்தச் சிறிய மூடிதான். ஸ்டெப்னியையும் இதே நாளில் அளந்து பாருங்கள். அது அடியில் தொங்குவதால் எல்லோருடைய நினைவிலிருந்தும் நழுவிவிடுகிறது.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பினால் சூட்டில் அழுத்தம் ஏறாது என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஏறும். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டில் இரண்டும் ஒரே மாதிரி விரிகின்றன. ஈரம் இல்லாத வாயு என்பதால் ரிம் துருப்பிடிப்பது குறையும், கசிவும் சற்று மெதுவாக நடக்கும். கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு அந்த ஒரு நன்மை உண்டு. ஆனால் வழியில் குறைந்துபோனால் நைட்ரஜன் கிடைக்கும் இடம் வரும் வரை காத்திருக்காதீர்கள். அருகில் கிடைக்கும் சாதாரணக் காற்றையே உடனே நிரப்பிக்கொள்ளுங்கள், இரண்டும் கலப்பதால் டயருக்கு எந்தக் கேடும் இல்லை.